பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடியில் படுங்கள்

நான் போடிநாயக்கனூர்க்காரன். ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளின் சத்தத்தில்தான் பள்ளிக்கூட நாட்களில் கண் விழிப்பேன். பின்னால் தொங்கிக்கொண்டு ஒரு தடவையாவது போக வேண்டும் என்று ஆசை. அப்பா விட்டதே இல்லை. அந்தக் குறைக்கு இதுவரை மூன்று ஜீப் வாங்கிவிட்டேன்.

முதல் ஜீப்பில் நன்றாக ஏமாந்தேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது, முன்பணம் கொடுத்துவிட்டேன். ஆர்.சி. புக்கில் பெட்ரோல் என்று இருந்தது; பானெட்டுக்குள் இருந்தது டீசல் இஞ்சின். “எல்லாரும் அப்படித்தான் சார் ஓட்டுறாங்க” என்றார் விற்றவர். பதிவைப் புதுப்பிக்கப் போனபோதுதான் அதன் விலை தெரிந்தது. இரண்டு வருடம் ஷெட்டிலேயே நின்றது வண்டி.

அதனால் முதலில் புக்கைக் கையில் வாங்குங்கள். சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) நம்பர், இஞ்சின் நம்பர், எரிபொருள் மூன்றையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். சேஸ் நம்பர் இருக்கும் இடத்தில் புதிதாக வெல்டிங் தெரிந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்தால், அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது எதுவரை இருக்கிறது என்றும் பாருங்கள். வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால் 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். ஆனால் சேஸ், பாடி, இஞ்சினில் பெரிதாகக் கை வைத்திருக்கக் கூடாது. தினமும் ஓட்டவும் முடியாது.

நம் பக்கம் கண்ணில் படும் உயரமூக்கு ஜீப் சி.ஜே. 3பி. வில்லிஸ் கம்பெனி 1953-இல் கொண்டுவந்த மாடல். மகிந்திரா அதை இங்கே பல வருடம் செய்தது. அதிலிருந்த ஹரிக்கேன் பெட்ரோல் இஞ்சினில், காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்டேக் வால்வு மேலே போனதால் இஞ்சின் உயர்ந்துவிட்டது, அதை மூடப் பானெட்டையும் தூக்கினார்கள். அந்த மூக்கைத் திறந்து உள்ளே வேறு இஞ்சின் இருந்தால், புக்கை இன்னொரு முறை புரட்டுங்கள்.

அடுத்து சாக்கை விரித்துப் படுத்துவிடுங்கள். கையில் டார்ச், ஒரு சின்னக் காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர். காந்தத்தைத் துணியில் சுற்றித் தகரத்தில் வைத்து நகர்த்தினால், பள்ளத்தை மறைக்கும் பட்டி (putty) தடிமனாகப் பூசிய இடத்தில் ஒட்டாமல் வழுக்கும். தரைத் தகரத்துக்கு அடியில் தாங்கும் சட்டங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும் இடம் அது. என் இரண்டாவது ஜீப்பில் டிரைவர் பக்கம் குத்தியபோது நுனி உள்ளே போய்விட்டது, துரு முகத்திலேயே கொட்டியது. பேசிய விலையில் கால்வாசியை அந்த ஓட்டைதான் குறைத்தது. ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட்டுகளைச் சுற்றிச் சேஸில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எழுவதற்கு முன் ஃபோர் வீல், அதாவது இஞ்சின் நான்கு சக்கரத்தையும் சுற்றுகிற வசதி. விற்பவர் “சூப்பரா வேலை செய்யும்” என்பார். பல வண்டிகளில் அந்த லீவரை வருடக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டூ வீலில் கையால் சுற்றினால் சுற்றும். வண்டியைக் கியரில் போட்டு, ஃபோர் வீல் லீவரையும் போட்டால் அந்தச் சக்கரம் அசையக் கூடாது. சுற்றினால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது. ஓட்டிப் பார்ப்பதென்றால் மண்ணில் மட்டும். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்வதால், தார் ரோட்டில் ஃபோர் வீலில் திருப்பினால் கியரும் ஆக்ஸிலும் முறுக்கிக்கொள்ளும்.

சக்கரம் தூக்கியே இருக்கட்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் கிங்பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங்கோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. ஸ்டியரிங்கில் கொஞ்சம் பிளே (வெற்றாட்டம்) இல்லாத பழைய ஜீப்பை நான் பார்த்ததில்லை, அதைச் சொல்லி பேரம் பேசலாம். பிரேக்கில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் லைன். ஓரிடத்தில் ஒழுகினால் மொத்தமும் போய்விடும். பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.

இஞ்சின் கடைசியில். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். மற்றபடி இஞ்சின் தேய்ந்திருந்தால் நம்மூர் லேத் பட்டறைகளில் சரி செய்துவிடலாம்.

வாங்கிவிட்டீர்களா? நாற்பதைத் தாண்டாமல் வீட்டுக்கு வாருங்கள். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி நான்கு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் சீட்டைத் தூக்குங்கள். சி.ஜே. 3பி-யில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான்.