பிடில் நண்டு வளைகளை எண்ணுவது எப்படி?

பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளின் ஓரச் சேற்றுத் திட்டுகளில், ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருக்கும் பிடில் நண்டுகளைத் தாராளமாகப் பார்க்கலாம். இரண்டும் வனத்துறையின் பொறுப்பில் இருப்பவை. அனுமதி வாங்கிய பிறகே சேற்றில் இறங்குங்கள். ஓதம் (கடல்நீரின் ஏற்றவற்றம்) இறங்கி நீர் முழுதாக வற்றுவதற்கு 2 மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் திட்டு அகலமாக வெளிப்படும்.

வளைகளுக்கு 3 அல்லது 4 மீட்டர் தள்ளி உட்காருங்கள். நிற்கவே கூடாது. காம்பில் நிமிர்ந்திருக்கும் அந்தக் கண்ணுக்கு, தொடுவானத்துக்கு மேலே அசைவதெல்லாம் பகைதான். உட்கார்ந்தபின் 15 நிமிடம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். பலர் 5 நிமிடத்திலேயே பொறுமை இழந்து எழுந்துவிடுகிறார்கள். அதோடு எல்லாம் மறுபடி உள்ளே போய்விடும்.

8 மடங்கு பைனாகுலர் போதும். ஒரே ஒரு நண்டை மட்டும் தொடர்ந்து பாருங்கள். பெண் இரண்டு சிறு கொடுக்குகளாலும் மாறி மாறிச் சேற்றை அள்ளி வாயில் வைக்கும். ஆணுக்குத் தின்ன உதவுவது ஒரு கொடுக்குதான். பெரியது பெண்ணை அழைக்கவும் சண்டைக்கும். வாயருகே உள்ள மயிர்கள், செவுள் நீரின் உதவியோடு நுண்பாசியையும் பாக்டீரியாவையும் பிரித்தெடுக்கும். மிச்சச் சேறு வாயடியில் சிறு உருண்டையாகத் திரளும். அதைக் கொடுக்கால் வழித்துக் கீழே போடும். செவுளில் நீர் குறைந்ததும் வளைக்குள் இறங்கி நனைந்து வரும். மேட்டுப் பகுதியில் சீக்கிரம் சேறு காய்ந்துபோவதால் அங்கே மேய்ச்சல் நேரமும் குறைவு.

எண்ணுவதற்கு 50 செ.மீ. பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்றை பிவிசி குழாயில் செய்துகொள்ளுங்கள். நீரோரத்திலிருந்து மரவரிசை வரை ஒரே நேர்கோட்டில் குறைந்தது 10 இடங்களில் வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் விலகிக் காத்திருந்து முதலில் நண்டுகளை எண்ணுங்கள், பிறகு வளைகளை. சராசரியை 4 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான கணக்கு வரும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது: வெளியே வராத நண்டுகள் முதல் கணக்கில் விடுபடும், ஆளில்லாத வளைகள் இரண்டாவதில் சேர்ந்துவிடும். அதனால் வளையின் வாயோரத்தைக் கவனியுங்கள். விளிம்பு கூராக இருந்து, தோண்டி வீசிய பெரிய உருண்டைகள் ஈரமாகக் கிடந்தால் நண்டு உள்ளே இருக்கிறது. விளிம்பு இடிந்து பாசி படிந்திருந்தால் கைவிட்ட வளை. ஓதம் ஏறுமுன் பல நண்டுகள் சேற்றால் வளையின் வாயை அடைத்துக்கொள்ளும். நீர் வற்றியும் திறக்காத அந்த மூடியைத் தவறவிட்டால் கணக்கு குறையும்.

மர வேர்களுக்கிடையே, வாயில் இலைத் துணுக்கு செருகிய வளை இலை தின்னும் வேறு நண்டுடையது. கடற்கரை மணலில் மண்ணை வீசிப் போட்டிருக்கும் பெரிய துளை பேய் நண்டுடையது.

வளையின் வடிவம் தெரிய பிளாஸ்டர் கரைசல் ஊற்றும் முறையைக் கையாளாதீர்கள்: உள்ளிருக்கும் நண்டு செத்துவிடும். போன தடத்திலேயே திரும்புங்கள். புதிதாக மிதிக்கும் ஒவ்வொரு அடியும் சில வளைகளை மூடிவிடும்.