16×19 என்ற நம்பரை நம்பி ஏமாறாதீர்கள்: ஒற்றைக் கை பேக்ஹேண்டும் ஸ்ட்ரிங் பேட்டர்னும்

டென்னிஸில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆடுகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். பந்து கோட்டைத் தாண்டி விழுந்ததும் ராக்கெட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, விலகிக் கிடக்கும் ஸ்ட்ரிங்குகளை விரலால் ஒவ்வொன்றாக நேராக்குவார்கள். தப்பு கையில் இல்லை, இங்கேதான் என்பது போல. நானும் அந்தக் கூட்டம்தான். பாதி நேரம் அது வீம்பு. மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது.

ராக்கெட் ஸ்ட்ரிங்குகளில் நீளவாக்கில் ஓடுபவை மெயின், குறுக்கே ஓடுபவை கிராஸ். இவை எத்தனை என்பதுதான் பேட்டர்ன். 16×19 என்றால் 16 மெயின், 19 கிராஸ். 18×20 அதைவிட நெருக்கம். ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே உள்ள கட்டங்கள் பெரிதாக இருந்தால், அதாவது பேட்டர்ன் ‘திறந்து’ இருந்தால், பந்து ஸ்ட்ரிங்குக்குள் கூடுதலாக அமுங்கும். மெயின்கள் பக்கவாட்டில் இழுபட்டு, சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும்போது பந்தையும் சுழற்றிவிடும். கூடவே, பந்து ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் கோணம் உயரும்.

எல்லோரும் ஸ்பின்னைப் பற்றியே பேசுகிறார்கள். ஒற்றைக் கைக்காரருக்கு அதைவிட முக்கியம் இந்தக் கோணம். இரண்டு கையால் அடிப்பவர் கடைசி நேரத்தில் மேல் கையால் ராக்கெட் முகத்தைக் கொஞ்சம் மூடிக்கொள்ளலாம். ஒற்றைக் கையில் அந்த வசதி இல்லை. முன்காலுக்கும் முன்னால், கை நீண்டிருக்கும் இடத்தில் பந்தைச் சந்திக்கிறோம். முகம் எந்தக் கோணத்தில் வரும் என்பது பிடியை மாற்றும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடும். அதனால் பேட்டர்ன் மாறினால் அந்த வித்தியாசம் ஃபோர்ஹேண்டில் தெரிவதற்கு முன் பேக்ஹேண்டில் தெரியும்.

நம்பரை மட்டும் பார்ப்பது

முதல் தவறு, அதிகம் பேர் செய்வது. பீட் சாம்ப்ராஸ் காலமெல்லாம் பிடித்த வில்சன் ப்ரோ ஸ்டாஃப் 85-இன் பேட்டர்ன் 16×18. நம்பரைப் பார்த்தால் இன்றைய ஸ்பின் ராக்கெட்டுகளைவிடத் திறந்தது. ஆனால் அந்த ராக்கெட்டின் தலை வெறும் 85 சதுர அங்குலம். அவ்வளவு சின்ன வட்டத்துக்குள் 16 மெயினை அடைத்தால் கட்டம் எங்கிருந்து பெரிதாகும்?

ஃபெடரர் கதை இன்னும் தெளிவு. பல வருஷம் 90 சதுர அங்குலத் தலையோடு ஆடியவர், 2013 ஜூலையில் ஹாம்பர்க்கிலும் கிஸ்டாடிலும் பெரிய தலையை முயன்று, சரிவராமல் பழையதுக்கே திரும்பினார். 2014 தொடக்கத்தில் பெரியதுக்கே நிரந்தரமாகப் போனார். அவர் பெயரில் கடைக்கு வந்தது 97 சதுர அங்குலம். இரண்டிலும் பேட்டர்ன் 16×19. காகிதத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் அதே எண்ணிக்கை ஸ்ட்ரிங் பெரிய தலையில் பரவும்போது கட்டங்கள் விரிகின்றன, நடுவை விட்டு விலகிப் பட்ட பந்தும் செத்து விழுவதில்லை.

2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் நடாலை அந்த பேக்ஹேண்டால் அடித்து நொறுக்கியதைப் பார்த்துவிட்டு, எல்லாம் ராக்கெட் மகிமை என்று சொல்கிறவர்கள் உண்டு. 2014-இல் அதே மெல்போர்னில் அரையிறுதியில் நடாலிடம் நேர் செட்களில் தோற்றபோதும் கையில் பெரிய தலைதான் இருந்தது. ராக்கெட் கதவைத் திறந்தது. முன்னால் ஏறி, பந்து எழும்பும்போதே அடிக்கும் துணிச்சல் பிறகு வந்தது.

ஆகவே கடைக்குப் போகும்போது பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். நடுவில் ஆறு மெயின் இடைவெளிகளின் மொத்த அகலத்தை அளந்து ஆறால் வகுங்கள். கிராஸுக்கும் அப்படியே. ஒரே 16×19 என்று எழுதியிருக்கும் இரண்டு ராக்கெட்டுகளில் விடை வேறாக வரும். சில கம்பெனிகள் மெயின்களை நடுவில் நெருக்கி ஓரத்தில் விரித்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

‘கன்ட்ரோல்’ வேண்டும் என்று 18×20-க்குத் தாவுவது

இதில் நான் பட்டிருக்கிறேன். பேக்ஹேண்ட் நீளமாகப் போகிறது என்று நெருக்கமான பேட்டர்னுக்கு மாறினேன். பந்து வெளியே போவது நின்றது; நெட்டில் போய்ச் சிக்க ஆரம்பித்தது. கிளம்பும் கோணம் தாழ்ந்துவிட்டது, என் கை வீச்சோ பழையதுதான். நெட்டைத் தாண்டவைக்க, என்னை அறியாமலே கடைசி நொடியில் மணிக்கட்டை மேலே உதறப் பழகிவிட்டேன். இரண்டு மாதத்தில் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் வலி. காபி டம்ளரைத் தூக்கினாலே சுள்ளென்றது.

மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் நாண் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அது. பந்து மோதும் கணத்தில் மணிக்கட்டு மடங்கியோ உதறிக்கொண்டோ இருந்தால் மோதலின் அதிர்ச்சி முழுக்க அங்கே போய் இறங்கும். நெருக்கமான கட்டு, அதில் முழுக்க பாலியஸ்டர், அதையும் முறுக்கேற்றிய டென்ஷன் (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் விறைப்பு): மூன்றும் சேர்ந்தால் பலகையால் அடிப்பது போலத்தான்.

இதோடு ஒட்டிய தவறு, பேட்டர்ன் மாறியும் டென்ஷனை மாற்றாமல் விடுவது. “வழக்கம்போல 54 போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அதே பவுண்டு 18×20-இல் இன்னும் விறைப்பாகத் தெரியும். இரண்டு மூன்று பவுண்டு இறக்கிச் சொல்லுங்கள். திறந்த பேட்டர்னுக்குப் போகிறவர் ஒன்றிரண்டு ஏற்றிப் பார்க்கலாம்.

ஸ்லைஸை மறந்துவிடுவது

ஒற்றைக் கை ஆட்டத்தில் பாதி ஸ்லைஸ், அதாவது பந்தின் அடியை வெட்டிப் பின்பக்கமாகச் சுழலவிடும் அடி. ஆனால் ராக்கெட்டைச் சோதிக்கும்போது யாரும் அதை அடித்துப் பார்ப்பதில்லை. பந்தை முன்பக்கமாகச் சுழலவிடும் டாப்ஸ்பின்னுக்கு வேண்டியதும் ஸ்லைஸுக்கு வேண்டியதும் நேர் எதிர். தோளுக்கு மேல் எகிறி வரும் பந்தை டாப்ஸ்பின்னில் திருப்ப, திறந்த பேட்டர்ன் நன்றாகக் கைகொடுக்கும். அதே ராக்கெட்டில் ஸ்லைஸ் போட்டால் பந்து மிதக்கும். எதிராளி நெட்டுக்கு ஓடி வந்து நிதானமாக முடிப்பார். நெருக்கமான பேட்டர்னில் ஸ்லைஸ் தரையோடு வழுக்கிக்கொண்டு போகும். எது உங்கள் சோறு என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். களிமண் கோர்ட்டில் உயரமாக எழும்பும் பந்துகளோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால் நான் திறந்ததையே சொல்வேன், ஸ்லைஸைக் கொஞ்சம் அழுத்தி வெட்டப் பழகிக்கொள்ளலாம். டபுள்ஸில் ஸ்லைஸ் போட்டு நெட்டுக்கு ஏறுகிறவருக்கு 18×20, அல்லது இடைப்பட்ட 16×20.

பேட்டர்னைக் குறை சொல்லி ஸ்ட்ரிங்கை விட்டுவிடுவது

நம்மூரில் ஸ்ட்ரிங் மாற்றுவதை ‘கட்டிங்’ என்போம். மாட்டுக் குடலில் செய்த ‘கட்’ (gut) இன்னும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபெடரர் மெயினில் போட்டதும் அந்தக் குடல் கட்தான், கிராஸில் பாலியஸ்டர். மிருதுவான மெயின், வழுக்கும் கிராஸ். மெயின் தங்குதடையில்லாமல் நகர்ந்து திரும்புகிறது.

அந்த நகர்தலுக்கு எவ்வளவு சக்தி என்பது 1977-இல் தெரிந்தது. ‘ஸ்பகெட்டி’ ராக்கெட் என்றார்கள். இரண்டு அடுக்கு மெயின், நடுவே பின்னாமல் விட்ட கிராஸ். களிமண்ணில் தொடர்ந்து 53 ஆட்டம் ஜெயித்திருந்த அர்ஜென்டினாவின் வில்லாஸ், அந்த ராக்கெட்டோடு வந்த ருமேனியாவின் நஸ்டாசேயிடம் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் போட்டி இறுதியில் முதல் இரண்டு செட்டைப் பறிகொடுத்துவிட்டு, பாதியிலேயே வெளியேறினார். வில்லாஸும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர். பிறகு தடை வந்தது. ஸ்ட்ரிங்குகள் ஒன்றுக்கொன்று பின்னியிருக்க வேண்டும் என்று விதியே எழுதப்பட்டது.

உங்கள் ராக்கெட்டில் மெயின் அடித்த இடத்திலேயே விலகி நின்றுவிட்டால், திரும்பும் சக்தி போய்விட்டது என்று அர்த்தம். மெயினும் கிராஸும் உரசும் இடத்தில் நகத்தை வைத்துப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். பாலியஸ்டர் அறுந்துதான் ஆக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், அது அறுவதற்கு வெகு முன்பே செத்துவிடும். அந்த நிலையில் 16×19-உம் ஒன்றுதான், 18×20-உம் ஒன்றுதான். திறந்த பேட்டர்னில் உரசல் அதிகம் என்பதால் இது சீக்கிரமே நடக்கும். கட்டிங் செலவையும் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

இரவல் ராக்கெட் கிடைத்தால் முதலில் அதில் என்ன ஸ்ட்ரிங், கட்டி எத்தனை நாள் என்று கேளுங்கள். பிறகு ஃபோர்ஹேண்டைத் தொடவே வேண்டாம். தோள் உயரப் பந்தில் 20 டாப்ஸ்பின், குறுக்கே 20 ஸ்லைஸ், சர்வ் திருப்புவது 20. ஒவ்வொன்றிலும் நெட்டில் எத்தனை, கோட்டுக்கு வெளியே எத்தனை என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை முழங்கை என்ன சொல்கிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.