பழைய டீசல் லாரி ஓடும்போதே நிற்கிறதா? காரணத்தைப் படிப்படியாகப் பிடிப்பது எப்படி?

எப்போதும் இருக்கும் கோளாறை ஒரு நாளில் பிடித்துவிடலாம். வந்து வந்து போகும் கோளாறுதான் ஆளை அலைய வைக்கும். ரோட்டில் நிற்கும் வண்டி, பட்டறைக்குப் போனால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும்.

எங்கள் வீட்டு மினி லாரி பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் ஏற்றி வரும்போது இப்படித்தான் நின்றுகொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்து சாவி போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். ஃபில்டர் மாற்றினோம், ஃபீட் பம்ப் (டேங்கில் இருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்ப்) மாற்றினோம், நாசில் (இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் முனை) வரைக்கும் போனோம். கடைசியில் டேங்கைக் கழற்றிக் கழுவியபோது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தாள் ஒன்று வெளியே வந்தது. இன்ஜின் ஓடும்போது அது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சுதல் நின்று, தாள் மெல்ல விலகிவிடும். நாங்கள் கழற்றி எறிந்த பாகங்கள் எல்லாம் நல்ல பாகங்கள். அந்தச் செலவு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது மெக்கானிக்கல் பம்ப் (நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் பெரிய பம்ப்) உள்ள பழைய டீசல் வண்டிகளுக்கு மட்டும். டாடாவின் பழைய 497, 697 இன்ஜின் வண்டிகள் இந்த வகைதான். (97 என்பது சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். முன்னால் உள்ள 4, 6 சிலிண்டர் எண்ணிக்கை.) சென்சாரும் கம்ப்யூட்டரும் உள்ள காமன் ரெயில் வண்டிக்கு வழி வேறு.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்று, அழுத்தம், டீசல் மூன்றும் இருந்தால் ஓடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் அழுத்தம் திடீரெனப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வராது. காற்று ஃபில்டர் அடைத்திருந்தால் கரும்புகை தள்ளி, இழுவை குறைந்து முன்பே காட்டிக்கொடுக்கும். ஆகவே முதல் சந்தேகம் டீசல் வரும் வழியின் மேல்தான்.

முன்னெச்சரிக்கை

இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான் வரும். பிரேக்கைப் பம்ப் செய்யாமல் ஒரே மிதியாக மிதித்து ஓரம் கட்டுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே கீழே குனியுங்கள். இந்தக் கோளாறு தீரும் வரை மலைப்பாதையில் லோடு ஏற்றிப் போகவே வேண்டாம்.

படி 1: எப்படி நிற்கிறது என்று எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். டேங்கில் டீசல் எவ்வளவு, லோடு உண்டா, ஏற்றமா சமதளமா, கிளம்பி எவ்வளவு நேரம், புகை வந்ததா என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். முக்கியமானது நின்ற விதம். திணறித் திணறி, இழுவை குறைந்து நின்றால் டீசல் பற்றாக்குறை அல்லது காற்று. சாவியைத் திருப்பியது போலச் சட்டென அணைந்தால், டீசலை நிறுத்தி இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் லீவர் அல்லது சொலினாய்டு (கரண்டில் இயங்கும் வால்வு) பக்கம் பாருங்கள்.

நாலைந்து தடவை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரியும். டேங்க் பாதிக்குக் கீழே போனால்தான் நிற்கிறது என்று வந்தால், டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் பாதி உயரத்தில் விரிசலோ துரு ஓட்டையோ இருக்கலாம். டீசல் மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் குழாய் காற்றை இழுக்க ஆரம்பிக்கும்.

படி 2: நின்ற இடத்திலேயே பாருங்கள்

வண்டி நின்றவுடன் எல்லோரும் செய்வது திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த முதல் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் தடயம் அப்புறம் கிடைக்காது.

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். காற்று 'உஸ்' என்று உள்ளே போனால் மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகிறது. மூடியைக் கழுவினாலே சரியாகிவிடும்.

அப்புறம் ஃபீட் பம்ப்பில் இருக்கும் ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் குமிழியை) அடியுங்கள். இரண்டு மூன்று அடியிலேயே கெட்டியானால் ஃபீட் பம்ப் வரை டீசல் வந்திருக்கிறது. கோளாறு அதற்கு அப்பால். பொதபொதவென்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் லைனில் காற்று. மேலே இழுக்கும்போது கனமாகி, கையை விட்டதும் கீழே இழுத்துக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு. எங்கள் வண்டியில் ஒரே ஒரு முறை இதைச் செய்திருந்தால் டேங்குக்கு நேராகப் போயிருப்போம்.

படி 3: ஸ்டாப் லீவரும் சொலினாய்டும்

இழுத்து அணைக்கும் கேபிள் என்றால், ஒருவர் கேபினில் இழுத்து விட, இன்னொருவர் பெரிய பம்ப்பில் லீவர் பழைய இடத்துக்கு முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாதியில் நின்றால் கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள், ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

ரோட்டரி பம்ப் உள்ள வண்டிகளில் சொலினாய்டுக்குக் கரண்ட் இருக்கும் வரைதான் டீசல் போகும். ஒரு வயர் தளர்ந்து விட்டு விட்டுத் தொட்டாலே இன்ஜின் அணையும். சொலினாய்டு வயரில் இருந்து ஃபியூஸோடு ஒரு இணைப்பு எடுத்து, கேபினில் சின்ன பல்பு மாட்டுங்கள். பல்பு உங்கள் வண்டியின் 12 அல்லது 24 வோல்ட்டுக்கு ஏற்றதாக இருக்கட்டும். இன்ஜின் அணையும் நொடியில் பல்பும் அணைந்தால் சாவி ஸ்விட்ச், ஃபியூஸ், வயரிங் என்று தேடுங்கள். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் வயரிங்கை விட்டுவிடலாம்.

படி 4: தண்ணீரும் ஃபில்டரும்

ஃபில்டர் அடியில் உள்ள டிரெயின் திருகைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடித்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஃபில்டரை எப்போது மாற்றினோம் என்று நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். பழையதை அறுத்துப் பாருங்கள். துருத்தூளோ கருப்புப் பிசுக்கோ இருந்தால் டேங்க் அழுக்கு.

படி 5: காற்று எங்கே நுழைகிறது?

புதிதாகப் பழகுபவர்கள் குழம்புவது இங்கேதான். டீசல் ஒழுகும் இடத்தைத் தேடுவார்கள். ஆனால் டேங்கில் இருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். குழாய் காய்ந்து சுத்தமாகவே இருக்கும்.

ஃபீட் பம்ப்புக்குச் சற்று முன்னால், டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸ் ஒரு அடி இணைத்து இன்ஜினை ஓட விடுங்கள். குமிழ்கள் ஓடினால் டேங்குக்கும் ஹோஸுக்கும் நடுவே ஓட்டை. வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பேன்ஜோ போல்ட்டின் (குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்) பழைய காப்பர் வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள். போல்ட்டைக் கழற்றினால் வாஷரைப் புதிதாகவே போடுங்கள். ஹோஸில் குமிழ் இல்லாமல் பெரிய பம்ப்பின் ரிட்டர்ன் லைனில் (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாயில்) மட்டும் வந்தால் ஹேண்ட் பிரைமரின் சீலைச் சந்தேகப்படுங்கள்.

நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் கசிவை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படி 6: கேன் சோதனை

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஃபீட் பம்ப்புக்கு வரும் லைனையும் ரிட்டர்ன் லைனையும் டேங்கில் இருந்து பிரித்து, சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனில் போடுங்கள். கேனைச் சைலன்சரில் இருந்து தள்ளி, சாயாதபடி கட்டுங்கள். காலி மைதானத்தில் மட்டும் ஓட்டுங்கள்; ரோட்டுக்குப் போக வேண்டாம். வழக்கமாக அரை மணியில் நிற்கும் வண்டி என்றால் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். நிற்கவே இல்லையா? கோளாறு டேங்கிலும் அதன் குழாயிலும்தான். கேனிலும் நிற்கிறதா? டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை.

படி 7: காற்று எடுப்பது

லைனைப் பிரித்த ஒவ்வொரு முறையும் இது தேவை. ஃபில்டர் தலையில் உள்ள பிளீடிங் திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாத டீசல் வரும் வரை பிரைமர் அடித்து இறுக்குங்கள். அடுத்து பெரிய பம்ப்பில் உள்ள திருகுக்கும் இதையே செய்யுங்கள்.

சூடானால் மட்டும் நின்றால்

காற்றும் இல்லை, அடைப்பும் இல்லை, சூடான பிறகே நின்று, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் பெரிய பம்ப்பின் உள்பாகங்கள் தேய்ந்திருக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இடுக்கு வழியே நழுவுகிறது. ஈரத்துணியைப் பிழிந்து பம்ப் மேல் சுற்றி வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் வலுக்கிறது. தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், உள்ளே பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மேல் நாம் கை வைக்கக் கூடாது. பம்ப்பை டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். எந்தச் சோதனையில் என்ன வந்தது என்று சொன்னால், அவர்களும் முதலில் இருந்து தேட வேண்டியதில்லை.