விளம்பரம், மார்க்கெட்டிங்னு போறதுக்கு டிகிரி எடுக்கறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்து ரெண்டு நாள் ஆகறதுக்குள்ள ஒறம்பரை பக்கமிருந்து எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும். "மாமா, பையன் விளம்பரத்துலதான் போவேங்கறான், விஸ்காம்ல போட்டுட்டா ஆச்சுங்களா?" கோயமுத்தூர்ல ஒரு சின்ன விளம்பர ஏஜென்சில பதினோரு வருசமா குப்பை கொட்டறேன், அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை.

மொத தப்பே அந்தக் கேள்விதானுங்க. விஸ்காம்ங்கற விசுவல் கம்யூனிகேஷன் டிகிரில கேமரா, எடிட்டிங், டிசைன், கொஞ்சம் சினிமா இதெல்லாம்தான் நெறைய இருக்கும், விளம்பரத்துக்குன்னு பாத்தா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு பேப்பர். படம் புடிக்கணும், டிசைன் பண்ணனும், பின்னாடி ஆர்ட் டைரக்டர் ஆகணும்னா தாராளமா போகட்டும். ஆனா ஒரு மசாலா கம்பெனில பிராண்ட் மேனேஜரா உக்காரணும்னு நெனைக்கற புள்ளைய அங்க கொண்டு போயி தள்ளிட்டா மூணு வருசம் கழிச்சு கையில தான் பண்ணுனத கோத்து வெச்ச ஒரு ஷோரீல் வீடியோவும் மனசுல வெசனமும்தான் இருக்கும். என்ன சோலிக்குப் போறதுன்னு முடிவு பண்ணாம டிகிரி பேர மட்டும் பாத்து சேத்தறாங்க.

மார்க்கெட்டிங்கறதே ஒரே சோலி இல்லைங்க. திருப்பூரையே எடுத்துக்குங்க, எக்ஸ்போர்ட் கம்பெனில மார்க்கெட்டிங்னா வெளிநாட்டு பையரப் புடிச்சு ஆர்டர் கொண்டாறது, சாம்பிள் அனுப்பறது, வெலை பேசறது, நீங்க தைச்ச பனியன்ல அவன் லேபிள்தான் இருக்கும். அதே ஊர்ல 1983ல ஆரம்பிச்ச ராம்ராஜ், வேட்டிய சொந்தப் பேர்ல வித்து டிவி விளம்பரத்துலயே வீட்டுக்கு வீடு தெரிய வெச்சாங்க, அது வேற மார்க்கெட்டிங். மொதல்லதுக்கு பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸ் மாதிரி ஒண்ணு, இல்லாட்டி துணியப் பத்தின படிப்பு கை குடுக்கும். ரெண்டாவதுக்கு மனுசன் ஏன் வாங்கறான்னு யோசிக்கறதுக்கு எகனாமிக்ஸ், சைக்காலஜி, பி.பி.ஏ. இதெல்லாம் உதவும்.

அப்பறம் இந்த கணக்குக்கு பயந்துட்டு ஓடி வர்றது. "கணக்கு வராது, அதனால விளம்பரம்"னு சொல்ற புள்ளைங்கள மாசத்துக்கு ஒண்ணாவது பாக்கறேன். எங்க ஆபீஸ்ல தெனமும் நடக்கற கதை ஒண்ணு சொல்றேன், ஒரு கிளையண்டுக்கு 10,000 ரூவாய்க்கு ஆன்லைன்ல விளம்பரம் ஓட்டறோம்னு வைங்க. 2,000 கிளிக் வருது, கிளிக்குக்கு 5 ரூவா, ஆகா சூப்பர்னு தோணும். அதுல விசாரிச்சவங்க 40 பேரு, தலைக்கு 250 ரூவா ஆச்சு. கடைசில வாங்குனது 8 பேரு, அப்ப ஒரு ஆர்டர் புடிக்க 1,250 ரூவா. அந்த பொருள்ல கடைக்காரருக்கு நிக்கற லாபமே 900 ரூவான்னா? ஒவ்வொரு ஆர்டருக்கும் 350 ரூவா கைவிட்டுப் போகுது, கிளிக் நெறைய வருதுன்னு இன்னும் காசு போட்டா இன்னும் ஆழமா போகும். இது அஞ்சாங்கிளாஸ் வகுத்தல்தான், ஆனா இத எக்செல்ல போட்டு கிளையண்ட் மூஞ்சியப் பாத்து சொல்லத் தெரிஞ்ச ஆளு கெடைக்கறதுதான் கஷ்டம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் இருக்கற டிகிரியப் பாத்து மெரளாதீங்க.

டிஜிட்டல் மார்க்கெட்டிங்னு பேர் போட்ட டிகிரிக்கெல்லாம் கண்ண மூடிட்டு பீஸ் கட்டறதும் தப்புதான். சிலபஸ் பிடிஎப்ப தொறந்து பாருங்க. வெப்சைட்டுக்கு யாரு வர்றாங்க, என்ன பாக்கறாங்கன்னு கணக்கு காட்டற பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ கூகுள் 2023 ஜூலைல நிறுத்திட்டாங்க, இப்ப ஜிஏ4ங்கற கூகுள் அனலிட்டிக்ஸ் 4 தான். இன்னும் பழசுதான் சிலபஸ்ல இருக்குதுன்னா அந்த பேப்பர யாரும் தொட்டே பாக்கலைன்னு அர்த்தம். டூல்ஸ எப்ப வேணா கத்துக்கலாம், கூகுளோட ஸ்கில்ஷாப்ங்கற ஆன்லைன் பயிற்சி சைட்ல காசே இல்லாம இருக்குது, அதுக்குப் போயி மூணு வருசமா?

தமிழ் இலக்கியம், வரலாறு படிச்சா இந்தப் பக்கம் வர முடியாதுங்கறதும் சும்மா பேச்சு. பெவிகால் விளம்பரமெல்லாம் பண்ணுன பியூஷ் பாண்டே படிச்சது வரலாறு, 1982ல ஓகில்விங்கற பெரிய விளம்பர ஏஜென்சில சேந்தவரு. மும்பைலருந்து இந்தில யோசிச்சு தமிழ்ல மாத்தி அனுப்பற வரிங்கள வாசிச்சுப் பாருங்க, எங்கம்மா கேட்டா "இது யாரு பேசற தமிழு கண்ணு?"ம்பாங்க. அத சரி பண்ண ஆளு வேணும். டிகிரி எதுவா இருந்தாலும் விளம்பரம், மீடியா சொல்லிக் குடுக்கற அகமதாபாத் மைக்கா, டெல்லி ஐஐஎம்சி மாதிரி எடத்துல மேல படிக்க அப்ளிகேஷன் போடலாம், அதனால இப்பவே எல்லாத்தையும் அடைச்சுக்க வேண்டியதில்ல.

ப்ளேஸ்மென்ட் நோட்டீஸ நம்பி சேர்றது இன்னொன்னு. எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு, "மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ்"னு நோட்டீஸ்ல போட்டிருந்தத நம்பி ஒரு காலேஜ்ல சேந்துச்சு, முடிச்சதும் கெடைச்சது வெயில்ல வீடு வீடா போயி இன்சூரன்ஸ் விக்கறது. அது கேவலமில்ல, ஆனா சொல்லியிருக்கணுமில்லீங்களா. எத்தன பேருக்கு வேலைன்னு கேக்காதீங்க, என்ன வேலைன்னு கேளுங்க. அப்படியே டிகிரி எந்த யுனிவர்சிட்டி குடுக்குதுன்னும் கேட்டுருங்க, பி.பி.ஏ.ன்னா 2024-25லருந்து ஏஐசிடிஇங்கற அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் அனுமதியும் பாக்கணும்.

போன வாரம் பெருந்துறைல ஒரு பேக்கரி பெஞ்சுல அக்கா பையனோட உக்காந்து தேங்கா பன் தின்னுக்கிட்டே மூணு காலேஜ் சிலபஸப் பாத்தோம். ரெண்டாவது வருச பேப்பருங்கள மட்டும் வாசிக்கச் சொன்னேன். ஒண்ணப் படிச்சிட்டு "இது அந்த விஸ்காமேதானுங்க மாமா, பேருதான் வேற"ன்னான். இப்ப எகனாமிக்ஸுக்கும் பி.பி.ஏ.வுக்கும் அப்ளிகேஷன் போட்டிருக்கான். அவங்கப்பா இன்னும் இஞ்சினியரிங்தான்னு நிக்கறாரு, அது வேற பஞ்சாயத்து.