டைஸை நம்பி கேம் ஓட்டுறவங்க செய்ற தப்புக

ஆளுக்கொரு பாத்திரமா பேசி நடிச்சு கதையை நகர்த்துற ரோல்பிளேயிங் கேம்ல, ஓட்டுறவர் டைஸை உருட்டி, எந்த எண்ணுக்கு எது எதிர்ல வரும்னு எழுதி வெச்ச டேபிளைப் பார்ப்பாரு. அந்த டேபிள்ல ‘கரடி’ன்னு விழுந்ததும் “பாயுது, இனிஷியேட்டிவ் போடுங்க”ன்னு, அதாவது சண்டைல யாரு முதல்லன்னு உருட்டச் சொல்றதுதான் பெரிய தப்பு, மத்த தப்புல பாதி இதுல இருந்துதான் வருது. டைஸ் சொன்னது கரடின்னு மட்டும்தானே, சண்டைக்கு வருதுன்னு யாரு சொன்னா? 1974-ல வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்லயே, எதிர்ல வந்தது எப்படி நடந்துக்கும்னு பார்க்க ரியாக்‌ஷன் ரோல் இருக்கு. ஆறுமுக டைஸ் ரெண்டு உருட்டிக் கூட்டுனா 2-ல இருந்து 5 வரைக்கும் முறைப்பு, 6-ல இருந்து 8 யோசனை, 9-ல இருந்து 12 சாதகம். இதை உருட்டாமலே விட்டுடுறாய்ங்க.

கதைல பிளேயருங்க அழகர்மலைல ராத்திரி நூபுர கங்கைக்கு ஏறுறாங்கன்னு வெச்சுக்கங்க, டேபிள்ல ‘திருடங்க நாலு பேர்’ விழுது, ரியாக்‌ஷன் 7. இப்ப ஒண்ணே ஒண்ணு கேளுங்க, இவய்ங்களுக்கு இந்நேரத்துல என்ன வேணும்? சாக்குல சிலை இருக்கு, கீழ இறங்கணும்னா பதினெட்டாம்படிக் கருப்பு வாசலைத் தாண்டணும், திருட்டுச் சாமானோட தாண்ட நாலு பேருக்கும் தொடை நடுங்குது, “அண்ணே நீங்க தூக்கிட்டு வந்துருங்க, பாதிக்குப் பாதி”ன்னு பேரம் பேசுறாய்ங்க. அம்புட்டுத்தான், அன்னைக்கு கேம் தன்னால ஓடும், முன்னாடியே ஒரு வரி எழுதியிருக்க வேண்டாம். கேம் முடிஞ்சதும் டேபிள்ல அந்த வரியை அடிச்சுட்டு ‘சிலையைத் தேடி வந்த வியாபாரி’ன்னு எழுதி வைங்க, அதையும் நிறைய பேர் செய்றதில்ல, செத்துப்போன திருடங்களே மறுவாரமும் வந்து நிப்பாய்ங்க.

அடுத்தது கணக்கு. ரெண்டு டைஸ் டேபிள்ல 7 விழ 36-ல 6 வாய்ப்பு, 2-க்கும் 12-க்கும் 36-ல ஒண்ணே ஒண்ணுதான். இது தெரியாம ரசிச்சு ரசிச்சு எழுதுன ஐட்டத்தை எல்லாம் ஓரத்துல போட்டுட்டு “வரவே மாட்டேங்குது”ன்னு புலம்புறது. அழகர்மலைல குரங்கு 12-லயா இருக்கும்? 7-ல போடுங்கப்பா, வேதாளத்தை 12-க்கு அனுப்புங்க. ஒரே டைஸ்ல உருட்டுனா குரங்கும் வேதாளமும் சம அளவுல வரும், அப்புறம் மலை மலை மாதிரியே இருக்காது.

சும்மா சும்மா உருட்டுறதும் வேணாம். பழைய ரூல்ல குகைக்குள்ள, கதைக்கணக்குல பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு டைஸ், 6 விழுந்தாதான் ஏதாச்சும் வரும். சுவத்தைத் தட்டிக்கிட்டு நேரத்தைக் கடத்துனா ஆபத்துங்கிற பயம் இருக்கணும், அதுக்குத்தான் அது. மாட்டுத்தாவணில பஸ்ஸுக்கு நிக்கிற சீன்ல மலை டேபிளை உருட்டி ஓநாயைக் கூட்டிட்டு வராதீங்க. உருட்டிட்டு அஞ்சு நிமிஷம் புக்கைப் புரட்டுனா பிளேயர் போனை எடுத்துடுவாய்ங்க, டீ வர்ற கேப்புல அடுத்த ரெண்டு ரோலை உருட்டி பேப்பர்ல குறிச்சு வெச்சுக்கங்க.