முட்கம்பியில் கிழிந்த சாரத்துக்கு ஒட்டுப் போடுதல்

வன்னியில் வேலி தாண்டுகிற சாரம் (இடுப்பில் கட்டும் லுங்கி) பெரும்பாலும் 'ட' வடிவில்தான் கிழியும். அதை அப்படியே இழுத்துத் தைத்தால் துணி சுருங்கும். அடுத்த தோய்ச்சலில் தையலுக்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியும். ஒட்டுத்தான் சரி.

முதலில் தோய்த்துக் காயவையுங்கள். செம்மண் படிந்த துணியில் ஊசி இலகுவாக ஓடாது. ஒட்டுக்கு இன்னொரு பழைய பருத்திச் சாரத்தை வெட்டுங்கள். புதுத்துணி வேண்டாம்: அது தோய்க்கத் தோய்க்கச் சுருங்கி, நைந்த துணியை இழுத்துக் கிழிக்கும்.

கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக, நெடுக்கு இழை நெடுக்கு இழையோடு பொருந்த வெட்டுங்கள். கோடுபோட்ட சாரமென்றால் கோட்டையும் பொருத்தலாம், கண்ணுக்குத் தெரியாது. விளிம்பைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, உட்பக்கம் வைத்துக் குண்டூசி குத்துங்கள்.

பருத்தி நூல், ஒற்றை இழை, ஒரு முழம் போதும். நீண்டால் முறுக்கிச் சிக்கும். முடிச்சுக்குப் பதில் தொடங்குமிடத்தில் இரண்டு மூன்று தரம் அதே இடத்தில் தையுங்கள். ஓரத்தைச் சிறு நூலோட்டமாகத் தைத்து, நாலைந்து தையலுக்கு ஒருமுறை துணியை விரலால் நீவி விடுங்கள். நூலை இறுக்கினால் சுருக்கம் விழும்.

பிறகு வெளிப்பக்கம் திருப்பி, கிழிசலின் பிசிர் விளிம்பை உள்ளே மடித்து ஒட்டோடு சேர்த்துத் தையுங்கள். 'ட'வின் மூலைதான் கரைச்சல்: மடிப்பு அங்கே நிற்காது, அதனால் தையலை நெருக்கமாகப் போடுங்கள்.