ஜெமினிட் விண்கல் பொழிவு: எப்போது, எங்கே, எப்படிப் பார்ப்பது

ஆண்டுதோறும் டிசம்பர் 13 இரவு, 14 விடியலை ஒட்டி உச்சம் தொடும் ஜெமினிட்தான் தமிழ்நாட்டிலிருந்து பார்க்க ஆகச் சிறந்த விண்கல் பொழிவு. ஆகஸ்டில் வரும் பெர்சீடுக்குப் பெயர் பெரிது. ஆனால் அதன் கற்கள் கிளம்பும் புள்ளி நமக்கு வடக்கே தாழ்ந்து கிடக்கும். விடியும்போதுகூடப் பாதி உயரம்தான் ஏறியிருக்கும். ஜெமினிட் புள்ளி இரவு ஏழரை வாக்கில் உதித்து, இரண்டு மணிக்குக் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். வேகமும் நொடிக்கு 35 கிலோமீட்டர்தான், பெர்சீடில் 59. அதனால் ஒவ்வொரு கீற்றையும் ஓடி முடியும்வரை கண்ணால் பின்தொடரலாம்.

முதலில் நாள்காட்டியில் திதியைப் பாருங்கள். வளர்பிறை அஷ்டமிக்குள் என்றால் நள்ளிரவுக்குள் நிலா மறைந்துவிடும். பிறகு விடியும்வரை உங்கள் வானம். தேய்பிறை அஷ்டமி தாண்டியிருந்தால் நிலா எழுமுன், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பாருங்கள். பௌர்ணமியை ஒட்டி வந்தால் நிலாவைச் சுவருக்கோ மரத்துக்கோ பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள். பிரகாசமானவை மட்டும் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓயாத நேரம் என்பதால் 12, 13, 14 மூன்று இரவையும் ஒதுக்கி வையுங்கள். உச்சம் கழிந்தால் எண்ணிக்கை சட்டென்று விழும். பிந்திப் போவதைவிட முந்திப் போவது மேல்.

இடம், ஊர் வெளிச்சத்திலிருந்து விலகிய மொட்டை மாடியோ களமோ போதும். மணிக்கு 120 கற்களுக்கு மேல் என்று செய்திகளில் வருவது, புள்ளி நேர் உச்சியில் நின்று வானமும் முழு இருட்டாக இருந்தால் வரும் கணக்கு. நல்ல கிராமத்து வானில் இரண்டு மணிக்கு நிமிடத்துக்கு ஒன்று கிடைத்தாலே நிறைவு. சென்னைக்குள் மணிக்கு விரல்விட்டு எண்ணலாம்.

பெரும்பாலோர் தோற்பது கண் விஷயத்தில்தான். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் அத்தனையும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். கைரேகை மங்கலாகத் தெரியும் அளவு வெளிச்சம் போதும். பைனாகுலர் வேண்டாம், பார்வைப் பரப்பைச் சுருக்கிவிடும்.

படுத்துத்தான் பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் கால் மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். கீழே தார்ப்பாய், அதன் மேல் பாய், போர்த்தக் கம்பளி, காதுக்கு மஃப்ளர். ஒரு மணிக்குள் பனி இறங்கிக் கம்பளியின் மேல்பக்கம் ஈரமாகிவிடும்.

ஓரியன் விண்மீன் குழுவின் ரிகெல் நட்சத்திரத்திலிருந்து, அதே குழுவின் செந்நிறத் திருவாதிரை வழியாகக் கோட்டை நீட்டினால் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்கள் வரும். கற்கள் அங்கிருந்து கிளம்புவதுபோலத் தெரியும். ஆனால் அங்கேயே வெறித்துப் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் கற்கள் ஏறக்குறைய நம்மை நோக்கி வருவதால் கீற்று குட்டையாக இருக்கும். நாற்பது, ஐம்பது பாகை தள்ளி, இருட்டு அதிகமான திசையில் பார்வையைப் பரவலாக வையுங்கள்.

எண்ணுவதென்றால் கல்லுக்கு ஒரு கோடாகப் போட்டு, கால் மணிக்கொரு கணக்காகப் பிரித்து வையுங்கள். கீற்றைப் பின்னோக்கி நீட்டினால் புனர்பூசத்தருகே சேராதவற்றைத் தனியாகக் குறியுங்கள்; அவை வேறு வழிப்போக்கர்கள். சீராக ஊர்ந்து அரை வானைக் கடப்பது செயற்கைக்கோள். ஜெமினிட் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.